முன் ஃபோர்க்கில் ‘டொக்’ சத்தம்: எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் நான் சோதித்துப் பார்த்தவை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு வேலை நிமித்தம் அடிக்கடி போய்வருகிறேன். வண்டி 150 சிசி. முன்னால் டிஸ்க் பிரேக், பெரும்பாலான வண்டிகளில் இருப்பது போன்ற சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அமுங்கி நீண்டு அதிர்வை ஏந்தும் இரண்டு கால்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று சத்தம் வரத் தொடங்கியது. முதலில் பெரிய வேகத்தடைகளில் மட்டும் கேட்டது. மழைக்காலம் முடிந்தபோது சாலையின் சிறு மேடு பள்ளங்களிலும் கேட்டது. காட்டிய இடங்களிலெல்லாம் வண்டியை முன்னும் பின்னும் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, “கோன் செட் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் ஸ்டெம் என்ற தண்டைத் தாங்கும் பேரிங்குகளைத்தான் கோன் செட் என்கிறார்கள். நம் பக்கத்தில் முன்பக்கச் சத்தம் என்றாலே இந்தப் பதில்தான் முதலில் வருகிறது; பல வண்டிகளில் அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் என் வண்டியில் சத்தம் வந்த விதம் கோன் செட்டின் குணத்தோடு பொருந்தவில்லை. ஆகவே, சத்தம் பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் எந்தப் பாகத்திலும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியாகச் சோதித்தேன்.

முன்பக்கச் சத்தத்தில் காதை மட்டும் நம்ப முடியாது. ஆக்சில், ஃபோர்க், ஸ்டெம், ஹேண்டில்பார், சேஸி எல்லாம் இறுக்கிப் பிணைக்கப்பட்ட உலோகங்கள் என்பதால், அடியில் பிறந்த தட்டல் மேலே மீட்டருக்குப் பின்னால் கேட்கும். மேலே பிறந்தது சக்கரத்தில் கேட்பது போலிருக்கும். அதனால் சத்தம் எங்கே வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிரேக்கைப் பிடிக்கும்போது முன்சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, விடும்போது முன்னோக்கித் திரும்புகிறது. கோன் செட், ஃபோர்க் புஷ் (ஃபோர்க் பைப்பு வழுக்கி ஓடும் வளையம்), காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் இந்த முன்பின் விசையில்தான் தெளிவாக வெளிப்படும். மேடு பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கி நீள்கிறது. எண்ணெய்க் குறைவும் ஸ்பிரிங் கோளாறும் அங்கே வெளிப்படும். கூர்மையான பள்ளத்தின் விளிம்பு சக்கரத்தை மேலே தூக்குவதோடு பின்னாலும் தள்ளுகிறது என்பதால் தேய்ந்த கோன் செட்டும் அங்கே தட்டும். எல்லாரும் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான்.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் முன்பிரேக்கைப் பிடித்து, வளைவுக்குள் நுழையும்போது விடுகிறோம். கோன் செட்டில் ஆட்டம் உள்ள வண்டியாக இருந்தால் பிடிக்கும்போது ஒன்றும் விடும்போது ஒன்றுமாக ‘டக்’ என்று உள்ளங்கையில் தட்டிக்கொண்டே வரும். என் வண்டி அந்த இறக்கம் முழுவதும் அமைதியாக வந்தது. அடிவாரத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் வேகத்தடையில் சத்தம் வந்தது. அதுவும் சக்கரம் மேட்டில் ஏறும்போது இல்லை, உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கும் நொடியில். அந்த நொடியில் ஃபோர்க் முழு நீளத்துக்கு நீள்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டுதல், வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊர்களில் பெரும்பாலும் இருப்பவை குறுகலாகவும் செங்குத்தாகவும் எழுந்து நிற்பவை. அவற்றின் மறுபக்கத்தில் சக்கரம் இறங்குவதில்லை, விழுகிறது. ஃபோர்க் நீளும்போது வரும் கோளாறைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கவனித்துக் கேட்கக் கேட்க, இரண்டு சத்தங்கள் கலந்திருப்பதும் தெரிந்தது. வேகத்தடையில் வரும் கனமான ஒற்றை ‘டொக்’ ஒன்று. தார் பெயர்ந்த சாலையில் மெதுவாகப் போகும்போது வரும் மெல்லிய ‘கடகட’ மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டது பின்னால் மிகவும் உதவியது.

ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன் வெளியில் தொங்குகிறவற்றை முடித்துவிட வேண்டும். மட்கார்டு போல்ட்டுகள், ஹெட்லைட் பிராக்கெட், ஹாரன் தகடு, முன் நம்பர் பிளேட், பிரேக் ஹோஸைப் பிடிக்கும் கிளிப் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கினால் போதும். சாவிக் கொத்தைக் கழற்றிவிட்டு, ஒற்றைச் சாவியோடு ஓட்டிப் பாருங்கள். கனமான கொத்து ஹேண்டில் பிளேட்டில் மோதும் சத்தம் ஃபோர்க்கிலிருந்து வருவது போலவே கேட்கும். ஃபோர்க் பைப்புகளைப் பிடித்திருக்கும் மேல் பிளேட், கீழ் பிளேட் போல்ட்டுகளையும் ஆக்சில் நட்டையும் டார்க் ரெஞ்சு வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்ப்பது நல்லது. என் வண்டியில் இவை எல்லாம் சரியாக இருந்தன.

அடுத்தது காலிப்பர். இதற்கான சோதனை எளிமையானது, நம்பகமானது. ‘கடகட’ சத்தம் வரும் சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டே, வேகம் குறையாத அளவுக்கு முன்பிரேக் லீவரை லேசாகத் தொட்டுப் பிடிக்க வேண்டும். பேட் டிஸ்க்கோடு ஒட்டியதும் சத்தம் நின்று, விட்டதும் திரும்ப வந்தால், அது ஃபோர்க்கின் சத்தம் அல்ல. காலிப்பரிலோ பேடிலோதான் ஆட்டம் இருக்கிறது. என் வண்டியின் மெல்லிய சத்தம் இதில் உடனே அடங்கியது. கழற்றிப் பார்த்தபோது காலிப்பர் நகரும் இரண்டு பின்களிலும் கிரீஸ் காய்ந்து போயிருந்தது. பேடுகளை அழுத்தி வைத்திருக்க வேண்டிய மெல்லிய தகட்டு ஸ்பிரிங் அதன் வளைவை இழந்து தட்டையாகிவிட்டிருந்தது. ஸ்பிரிங்கை மாற்றி, பின்களைத் துடைத்து, பிரேக் ரப்பருக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸைப் பூசியதும் அந்தச் சத்தம் ஒழிந்தது. பின்களுக்குச் சாதாரண பேரிங் கிரீஸைப் பூசும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது ரப்பர் உறைகளை உப்பவைத்து, நாளடைவில் பின்களை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சக்கர பேரிங் சோதனைக்கு முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பியிருக்க வேண்டும். டபுள் ஸ்டாண்டு போட்டு, என்ஜினுக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் மெல்ல உயர்த்தினேன். பலகை இல்லாமல் ஜாக்கியை நேராக வைத்தால் என்ஜினின் அலுமினிய அடிப்பகுதி விரிசல் விடலாம்; சைலன்சர் குழாயின் மீது எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுத்துப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். சக்கரம் ஃபோர்க்கை விட்டுத் தனியாக அசைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பல சிறிய வண்டிகளில் இருப்பது 6301 என்ற எண்ணுள்ள பேரிங், அதாவது 12 மில்லிமீட்டர் உள்விட்டமும் 37 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்டது. பழைய பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும் என்பதால், அதைப் பார்த்து வாங்கினால் வண்டிப் பெயரைச் சொல்லி வாங்குவதில் வரும் குழப்பம் இருக்காது. என் வண்டியில் பேரிங் நன்றாகவே இருந்தது.

இனி கோன் செட். வண்டியைத் தரையில் நிறுத்தி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுவதுதான் எல்லாரும் செய்யும் சோதனை. அதில் ‘டக்’ என்று கேட்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த ஓர் ஆட்டத்தில் பேடு காலிப்பருக்குள் நகரும், மிதக்கும் வகை டிஸ்க்காக இருந்தால் அதன் இணைப்புகள் நகரும், ஃபோர்க் பைப்பு புஷ்ஷுக்குள் சாயும், கோன் செட்டும் ஆடும். நான்கும் ஒரே மாதிரியான சத்தத்தைத்தான் கொடுக்கும். எனவே பிரேக்கை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். முன் டயரைச் சுவரில் முட்டவைத்து, பிரேக்கைத் தொடாமலே வண்டியைச் சுவரை நோக்கித் தள்ளித் தள்ளி விட்டுப் பார்த்தேன். பிரேக்கோடு கேட்டு, சுவரோடு கேட்காமல் போனால் ஆட்டம் பிரேக் பக்கம். இரண்டிலும் கேட்டால் ஃபோர்க்கோ கோன் செட்டோ.

அடுத்து, சத்தத்தைக் கேட்பதை விட்டு விரலால் தொட்டு உணர்வது. பக்கத்து வீட்டுத் தம்பி ஹேண்டிலைப் பிடித்து ஆட்ட, சேஸியின் ஹெட் பைப்பும் கீழ் பிளேட்டும் சந்திக்கும் மெல்லிய இடைவெளியின் குறுக்கே ஆட்காட்டி விரலை வைத்தேன். விரலின் பாதி சேஸியிலும் பாதி பிளேட்டிலும் இருக்க வேண்டும். கோன் செட்டில் ஆட்டம் இருந்தால் ஒரு பாதி மற்றொரு பாதியைத் தாண்டி நகர்வது முடி அளவாக இருந்தாலும் விரலுக்குத் தெரியும்; காதுக்குத் தெரியாதது தோலுக்குத் தெரிகிறது. எனக்கு எந்த நகர்வும் தெரியவில்லை. பிறகு சக்கரத்தை மீண்டும் ஜாக்கியால் உயர்த்தி, ஃபோர்க் கால்களின் கீழ்ப்பகுதியான பாட்டம் கேஸ் இரண்டின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன், அசைவில்லை. ஹேண்டிலை நடுவில் நிறுத்தி விரலால் மெல்லத் தட்டியபோது இரண்டு பக்கமும் தன் எடையிலேயே விழுந்தது. நடுவில் எங்காவது பள்ளத்தில் உட்காருவது போல் நின்றால், கோன் செட்டின் பால்ஸ் ஓடும் தடமான ரேஸில் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கோன் செட்டை எத்தனை முறை இறுக்கினாலும் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். விறைத்துப் போன கேபிள்களும் ஹேண்டிலை விழவிடாமல் பிடிக்கும் என்பதால், இந்தச் சோதனைக்கு முன் அவற்றைத் தளர்த்தி ஒதுக்கிக்கொள்வது நல்லது.

ஃபோர்க் புஷ்ஷுக்கும் இதே விரல் சோதனைதான். வைக்கும் இடம் மட்டும் வேறு. டஸ்ட் சீலுக்கு மேலே, பளபளப்பான பைப்பும் பாட்டம் கேஸும் சேரும் இடத்தில் விரலை வைத்து, முன்பிரேக்கோடு ஆட்டச் சொல்ல வேண்டும். புதிய ஃபோர்க்கில்கூட நூலிழை அசைவு தெரியும், ஏனென்றால் பைப்பு உள்ளே வழுக்கிச் செல்ல இடம் வேண்டும். இரண்டு கால்களிலும் அசைவு சமமாக இருக்கிறதா, ‘டக்’ என்று முட்டி நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் கொஞ்சம் அசைவு இருந்தது. ஆனால் வேகத்தடையில் வந்த அந்தக் கனமான சத்தத்தை விளக்கும் அளவுக்கு இல்லை. பல சிறிய வண்டிகளில் தனியாக மாற்றக்கூடிய புஷ்ஷே கிடையாது. பைப்பு நேராக அலுமினிய பாட்டம் கேஸில்தான் ஓடுகிறது, தேய்ந்தால் பாட்டம் கேஸையே மாற்ற வேண்டும். அந்த வண்டிக்காரர்கள் ஃபோர்க் எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். அங்கே தேய்மானத்தைத் தடுக்க எண்ணெயைத் தவிர வேறு காவல் இல்லை.

மிச்சமிருந்தது ஃபோர்க் நீளும்போது அடிக்கிறதா என்ற சந்தேகம். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நான் ஹேண்டிலின் மீது உடல் எடையைப் போட்டு அழுத்திவிட்டு, அடுத்த நொடியே வெடுக்கென்று மேலே தூக்கினேன். தம்பி கீழே உட்கார்ந்து, இரண்டு பாட்டம் கேஸ்களையும் இரு உள்ளங்கைகளால் பொத்திப் பிடித்திருந்தான். “அண்ணே, ரைட்டுல மட்டும் தட்டுது, லெஃப்ட்ல ஒண்ணுமே இல்ல” என்றான். இடம் மாறி நானே பிடித்துப் பார்த்தேன். இடது கால் நீண்டு முடியும்போது கையில் ஒரு மெத்தென்ற நிறுத்தம் தெரிந்தது. வலது காலில், சின்னச் சுத்தியலால் உள்ளிருந்து தட்டியது போல உள்ளங்கையில் ஏறியது. சத்தத்தின் இருப்பிடம் அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதை அறிய ஃபோர்க்கின் உள்ளமைப்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பாட்டம் கேஸின் அடியில் ஓர் ஆலன் போல்ட்டால் பிடிக்கப்பட்டு, ஃபோர்க் பைப்பின் உள்ளே ஒரு மெல்லிய குழாய் நிற்கிறது. பட்டறைகளில் இதை சீட் பைப் என்றும் டேம்பர் ராடு என்றும் சொல்வார்கள். அதன் தலையில் பிஸ்டன் ரிங் இருக்கிறது. ஃபோர்க் நீளும்போது அந்தத் தலைக்கும் ஃபோர்க் பைப்பின் அடிப்பகுதிக்கும் இடையில் சிக்கும் எண்ணெய், சீட் பைப்பில் உள்ள சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி வெளியேறியாக வேண்டும். அந்தத் தடைதான் சக்கரம் கீழே பாயும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கடைசியில் மிஞ்சும் வேகத்தைத் தலைக்கு அடியிலுள்ள சிறிய ரிபவுண்டு ஸ்பிரிங் ஏந்திக்கொள்கிறது. எண்ணெய் மட்டம் குறைந்துவிட்டால் அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். காற்று எளிதில் அமுங்கிவிடுவதால் தடை எதுவும் இருக்காது. சக்கரம் தடுப்பார் இல்லாமல் பாய்ந்து, ரிபவுண்டு ஸ்பிரிங்கை முழுதாக நசுக்கி, உலோகத்தோடு உலோகம் மோதும். எண்ணெயால் இப்படி வேகத்தை அடக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கை 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் தினசரி வண்டிகள் அதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன. ஆழமான பள்ளத்தில் ஃபோர்க் முழுதாக அமுங்கி அடிப்பது வேறு சத்தம். அது சக்கரம் மேலே ஏறும்போது வரும், அதற்கும் எண்ணெய்க் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம்.

எண்ணெய் குறைந்திருக்கிறது என்றால் அது எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி. வலது காலின் ஆயில் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது. பைப்பில் எண்ணெய் வளையம் எதுவும் இல்லை. வண்டியைக் காட்டிய இடங்களில் எவரும் எண்ணெயைச் சந்தேகிக்காததற்கு இதுதான் காரணம். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, வலது பாட்டம் கேஸின் அடியில் உள்ள ஆலன் போல்ட்டின் குழியில் மட்டும் புழுதி கறுத்து, களிம்பு போல அப்பியிருந்தது. இடப்பக்கக் குழியில் இருந்தது காய்ந்த செம்மண். வலப்பக்கக் குழியை பிரேக் கிளீனரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகப்பவுடரை மெல்லத் தூவிவிட்டு வழக்கம்போல ஓட்டினேன். மாலையில் பார்த்தபோது போல்ட்டின் தலையைச் சுற்றி, வெள்ளைப் பவுடரில் பிறை போன்ற ஈரக்கோடு தெரிந்தது. அந்தப் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் பிடிப்பை இழந்து, எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து, மழைத் தண்ணீரிலும் புழுதியிலும் தடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட விழுந்ததில்லை.

சேந்தமங்கலம் சாலையில் நீண்ட காலமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சீலைத் தடவிப் பார்த்து, “சீல் காஞ்சு கிடக்கு தம்பி, ஆயில் எப்படிப் போகும்?” என்றார். “அடிப் போல்ட்டைப் பாருங்கய்யா” என்றேன். விரலால் அந்தக் கறுப்பை எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்து, மோந்து பார்த்தார். “இது கிரீஸ் இல்ல, ஃபோர்க் ஆயில்தான். கழட்டுவோம்” என்று உடனே வேலையில் இறங்கினார். காரணத்தோடு போனால் நல்ல மெக்கானிக் கேட்டுக்கொள்கிறார். ‘சத்தம் வருது, பாருங்க’ என்று விட்டுவிட்டு வந்திருந்தால் நான் கோன் செட்டோடு திரும்பியிருப்பேன்.

அவர் கழற்றிய வரிசையில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. சீட் பைப்பைப் பிடிக்கும் அடிப் போல்ட்டை, ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்தினார். ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டால் சீட் பைப்பும் போல்ட்டோடு சேர்ந்து சுழலும், போல்ட் கழலாது. மேல் பிளேட்டின் பிடியைத் தளர்த்திவிட்டு, கீழ் பிளேட் பைப்பை இறுகப் பிடித்திருக்கும்போதே மேல்மூடியைத் தளர்த்திக்கொண்டார். கழற்றிய பைப்பை வைஸில் நெரித்து மூடியைத் திறப்பது பைப்பை நசுக்கும் வேலை. மூடியின் கடைசிப் புரி விடுபடும்போது ஸ்பிரிங் அதை வேகமாகத் தள்ளும் என்பதால், மடித்த பனியன் துணியை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினார். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் இந்த இடத்தில் முகத்தை மூடிக்கு நேராக வைக்கக் கூடாது.

இரண்டு கால்களின் எண்ணெயையும் தனித்தனிப் பாட்டில்களில் வடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஒரே தட்டில் கொட்டிவிட்டால் முக்கியமான சாட்சி அழிந்துபோகும். இடது காலிலிருந்து வந்ததில் பாதிகூட வலது காலில் இல்லை. இரண்டும் சாம்பல் நிறத்தில், அலுமினியத் துகள் மினுங்க, அழுகல் வாடையோடு இருந்தன. வலது காலின் புஷ்ஷில் கறுப்பு டெஃப்லான் பூச்சு ஓரிடத்தில் தேய்ந்து, அடியிலுள்ள செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. எண்ணெய் குறைவாக ஓடிய காலில் அது முன்னதாகத் தேய்ந்ததில் வியப்பில்லை. ரிபவுண்டு ஸ்பிரிங் உடையவில்லை. இரண்டு பிரதான ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டோம், சமமாக இருந்தன. புஷ்கள், ஆயில் சீல்கள், டஸ்ட் சீல்கள், செம்பு வாஷர்கள் ஆகியவற்றை இரண்டு கால்களுக்கும் சேர்த்தே மாற்றினோம். கசிந்தது ஒரு பக்கம்தான் என்றாலும், ஃபோர்க்கைத் திறந்த பிறகு ஒரு காலைப் புதுப்பித்து மறு காலை அப்படியே விடுவது வீண் சிக்கனம் என்பது என் கருத்து. எல்லாப் பொருள்களிலும் மலிவான அந்தச் செம்பு வாஷரைப் பழையதாகவே திருப்பிப் போட்டு இறுக்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஒருமுறை நசுங்கிய செம்பு மறுமுறை சரியாகப் பிடிக்காது.

எண்ணெயின் அளவில் கவனம் தேவை. 100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் ஒரு காலுக்கு 150 முதல் 200 மில்லி வரை பிடிக்கும். ஆனால் சரியான அளவை உங்கள் வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். அளவுக் குவளையில் ஊற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. ஸ்பிரிங் இல்லாமல் பைப்பை மெல்ல மேலும் கீழும் பலமுறை இழுத்து, குமிழிகள் நின்று, கையில் சீரான தடை தெரிந்த பிறகு, பைப்பை முழுதாக அமுக்கி வைத்துவிட்டு, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரைக்கும் அளவுகோலால் அளக்க வேண்டும். இரண்டு கால்களிலும் அந்த ஆழம் ஒன்றாக இருந்தாக வேண்டும். உள்ளே தங்கிவிட்ட பழைய எண்ணெயால் ஊற்றும் அளவு ஏமாற்றலாம், மட்டம் ஏமாற்றாது.

சத்தத்தை அடக்க கெட்டியான எண்ணெயை ஊற்றச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. 10டபிள்யூ போட வேண்டிய இடத்தில் 20டபிள்யூ போடுகிறார்கள், சில இடங்களில் என்ஜின் ஆயிலே போடுகிறார்கள். தட்டல் கொஞ்ச நாள் குறையும் என்பது உண்மை. ஆனால் கசிவு நிற்காது, தேய்மானம் நிற்காது; அடுத்தடுத்த மேடுகளில் ஃபோர்க் நீண்டு முடிவதற்குள் மறுபடி அமுங்கி, சக்கரம் சாலையை விட்டு எழும்பும், மலை இறக்கத்தில் பிடிமானம் குறையும். சத்தம் ஒரு தகவல். அதன் வாயை அடைத்துவிட்டால் அடுத்து எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மேலும் ஃபோர்க் எண்ணெயில் டபிள்யூ எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒத்துப்போவதில்லை. ஒருவரின் 10டபிள்யூவும் மற்றவரின் 10டபிள்யூவும் கெட்டித்தன்மையில் வேறுபடலாம் என்பதால், இரண்டு காலிலும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுவதே சரி.

சக்கரத்தைத் திரும்பப் பூட்டும்போது ஆக்சிலைச் சற்றே இறுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைப் பலமுறை அமுக்கி விட்ட பிறகுதான் முழுதாக இறுக்கினோம். ஆக்சிலைக் கவ்வும் பிஞ்ச் போல்ட் உள்ள வண்டிகளில் அதைக் கடைசியில் இறுக்க வேண்டும். இப்படிச் செய்தால் இரண்டு கால்களும் இணையாக நின்றுவிடும். இல்லையென்றால் புதிய புஷ்ஷும் ஒரு பக்கமாகவே தேயும். அதன் பிறகு அதே வேகத்தடையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். உள்ளங்கையில் ஏறிய அந்தத் தட்டல் இல்லை. ஃபோர்க் நீண்டு முடிவது இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே இல்லை.

விரல் சோதனையில் கோன் செட்டிலேயே ஆட்டம் தெரிகிறவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ரேஸில் குழி இல்லாமல் ஆட்டம் மட்டும் இருந்தால் முதலில் சரிசெய்து பார்க்கலாம். மேல் பிளேட்டின் ஃபோர்க் பிடிகளையும் நடு நட்டையும் தளர்த்தி, அடியிலுள்ள வெட்டு நட்டை சி-ஸ்பேனரால் ஆட்டம் மறையும் வரை மட்டும் திருக வேண்டும். பிறகு நடு நட்டை இறுக்கும்போது பிளேட் கீழே அழுந்தி, கோன் செட் இன்னும் கொஞ்சம் இறுகும். ஆகவே எல்லாவற்றையும் இறுக்கி முடித்த பிறகு ஹேண்டில் தானாக விழுகிறதா என்று மீண்டும் பார்த்தாக வேண்டும். அதிகமாக இறுக்கிய கோன் செட்டில் சத்தம் இருக்காது என்பதால் வேலை நன்றாக முடிந்ததாகத் தோன்றும். ஆனால் மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்காமல் இங்கும் அங்கும் அலையும், சீக்கிரத்தில் ரேஸிலும் குழி விழுந்துவிடும். புதிய கோன் செட் போட்ட பிறகு சிறிது தூரம் ஓடியதும் ரேஸ்கள் நன்றாக அமர்ந்து மறுபடி ஆட்டம் தெரியலாம். அதைக் கண்டு கவலைப்படாமல் ஒருமுறை திரும்ப இறுக்கிக்கொண்டால் போதும்.

சத்தத்தோடு சில நாள் ஓட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று நான் செய்தது எல்லா நிலைமைக்கும் பொருந்தாது. டிஸ்க் இருக்கும் பக்கத்துக் காலில் எண்ணெய் கசிந்தால், அது பேடில் ஏறி முன்பிரேக்கைச் செயலிழக்கச் செய்துவிடும். என் வண்டியில் கசிவு டிஸ்க் இல்லாத வலது காலில் இருந்ததால்தான் ஓட்டிச் சோதித்தேன். ஃபோர்க்கைப் பிடிக்கும் பிளேட்டிலோ ஹெட் பைப்பின் வெல்டிங்கிலோ விரிசல் தெரிந்தாலும், கோன் செட்டின் ஆட்டம் விரல் வைக்காமலே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தாலும், எங்காவது மோதிய பிறகு புதிதாகச் சத்தம் வந்திருந்தாலும், வண்டியைச் சோதனைக்காகக்கூடச் சாலையில் ஓட்டக் கூடாது. இருக்கும் இடத்துக்கே மெக்கானிக்கை வரவழைப்பதோ, மினிடோர் பிடித்து வண்டியை ஏற்றிக்கொண்டு போவதோதான் சரி.